தடுப்பாணி

உங்கள் ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். பேட்டையில் என் பட்டறைக்கு எதிர்க் கடைக்காரன் பாகு மாதிரி ஒன்றைக் கிளாசில் ஊற்றிக் கொடுத்துவிட்டு டீ என்று சாதிப்பான். இவ்வளவு காலமும் அதைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதுகிறேன் என்று கேட்டதற்கு ஏட்டையா வருத்தப்படக் கூடாது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் மெஷின் என்றால் அவருக்குக் கரும்புச்சாறு பிழிகிறது ஒன்றுதான் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினால், கடைசியில் சுந்தர்ராமன் கரும்புச்சாறு மெஷினில் தலையைக் கொடுத்துச் செத்தான் என்று வந்து நிற்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆயுத பூஜை அன்றைக்கு என் பட்டறையில் என் கூட்டாளி சுந்தர்ராமன் கழுத்து முறிந்து இறந்தான். மதுரையிலிருந்து ஒரு நிபுணர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துவிட்டு, அறிக்கை கொடுத்திருக்கிறார். நாளைக்கு அது கோர்ட்டுக்குப் போகிறது. இன்று காலையில் எனக்கு அதை வாசித்துக் காட்டினீர்கள். 'தடுப்புத் தகட்டின் வெல்டிங் விட்டுப்போனதால், இயந்திரக் கோளாறு காரணமாக மரணம் நேர்ந்தது.' அந்த வெல்டிங்கை வைத்த லேத்துக்காரன் கிருபைராஜைப் பாளையங்கோட்டையில் உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

வாசித்து முடித்ததும், கோளாறு எதுவும் இல்லை, நான்தான் கொன்றேன் என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். எழுந்து வந்து என் தோளைத் தட்டினீர்கள்.

"அண்ணாச்சி, ஒங்க மனசு யாருக்கு வரும்? ஒரு லேத்துக்காரனுக்காவ கொலப்பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிடுதேங்கியளே. வீட்டுக்குப் போயி நல்லா ஒறங்குங்க. இந்தத் தளவாய் சொல்லுதேன், எல்லாம் சரியாயிரும்" என்றீர்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் வரை எனக்குக் கிருபைராஜின் ஞாபகமே வரவில்லை. என்னைத் தைத்தது 'இயந்திரக் கோளாறு' என்ற வார்த்தைதான். பெற்ற பிள்ளையை ஊரார் திருடன் என்று சொல்லக் கேட்டவன் மாதிரி ஆகிவிட்டேன். நீங்கள் என்னை நல்லவன் என்று நம்பிவிட்டபடியால், ஒன்று விடாமல் எழுதினால்தான் காரியம் ஆகும்.

என் பெயர் குமரகுருபரன். தாத்தா காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் வயல் இருந்தது. அப்பா காலத்தில் வாத்தியார் வேலை இருந்தது. எனக்கு வாய்த்தது எலெக்ட்ரானிக்ஸ் படிப்பும் பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகையும். வயிற்றுப்பாட்டுக்கு ஸ்டெபிலைசர் செய்து விற்றேன். சுந்தர்ராமன் கல்லிடைக்குறிச்சிக்காரன், கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. பம்பாயில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன், அம்மாவுக்கு முடியவில்லை என்று மனைவி ப்ரீதாவோடு ஊருக்கு வந்தான். அம்மா போன பிறகும் திரும்பிப் போகாமல் என்னோடு சேர்ந்துகொண்டான்.

நாங்கள் செய்தது என்ன என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வீடியோ கேம் என்கிறார்கள். மைவித்தை என்றுகூட ஒருத்தர் சொன்னாராம். மையும் இல்லை, வித்தையும் இல்லை. ஒரு ஸ்கூட்டர் ஹெல்மெட். அதற்குள் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிவி, மேலப்பாளையத்துக்காரர் ஒருத்தர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பூதக்கண்ணாடி. தலையில் மாட்டிக்கொண்டால் பேட்டை மறைந்துவிடும். நீங்கள் கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தில் நிற்பீர்கள். தொண்ணூற்றிரண்டில் வந்த அந்தப் பெருவெள்ளம் உங்களைப் பார்த்து வந்துகொண்டிருக்கும். இடது பக்கம் திரும்பினால் முங்கிக் கிடக்கிற வயல், அண்ணாந்து பார்த்தால் மேகம், குனிந்தால் பாலத்துக்கு அடியில் சுழி. கம்ப்யூட்டருக்குள் சுந்தர்ராமன் கட்டி வைத்த ஆறு அது. நன்றாகத்தான் கட்டியிருந்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஆறு மட்டும் இருந்தால் போதுமா? ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? அதற்குத்தான் கை. கூரை உத்தரத்திலிருந்து ஹெல்மெட் வரை தொங்குகிற அலுமினியக் கை, மூன்று மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று. தலை அசைந்தால் கை அசையும், கை அசைந்தால் திருகு திரும்பும், அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் படத்தைத் திருப்பும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. தலை திரும்பி, கண் சிமிட்டுகிற நேரம் கழித்துப் படம் திரும்பினால்கூடக் காரியம் கெட்டுவிடும். கண்ணை ஏமாற்றலாம், வயிறு ஏமாறாது. முதலில் ஹெல்மெட்டைப் போட்ட அத்தனை பேரும் வாந்தி எடுத்தார்கள். தான் எழுதிய ஆற்றைப் பார்த்து சுந்தர்ராமனே வாந்தி எடுத்தான். அந்தத் தாமதத்தைத் தீர்த்துக்கட்ட எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஈயம் உருக்கி உருக்கி விரலில் ரேகை போய்விட்டது. சம்பவத்தன்று எங்கள் எல்லோர் ரேகையையும் நீங்கள் இங்கே மைதடவிப் பதிய வைத்தபோது பார்த்திருப்பீர்கள்.

ஆள் அந்த உலகத்துக்குள் போகிறானா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இரும்பும் செம்பும்தான் சார். பாலத்தை எவ்வளவு அழகாக வரைந்தாலும், ஹெல்மெட் கனத்தால் கழுத்து வலிக்கும். கழுத்து வலித்தால் பாலம் போய்விடும். அதனால் கனத்தைக் கையே தாங்கும்படி செய்தேன். பிறகு மோட்டார் வைத்தேன். வெள்ளம் வந்து மோதும்போது தலையில் மோதல் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சினிமாக் கொட்டகைக்கும் என் பட்டறைக்கும் என்ன வித்தியாசம்? பழைய லாரி வைப்பர் மோட்டார் ஒன்றைப் பல்சக்கரத்தோடு மேல் மூட்டில் பொருத்தினேன். அலை மோதினால் தலையை ஒரு வெட்டு வெட்டும்.

முதல் தடவை கிருபைராஜைத்தான் உட்காரவைத்தோம். நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டான். மோவாய், சட்டை எல்லாம் ரத்தம். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "அண்ணாச்சி, நெசமாவே ஆத்துல விழுந்துட்டேம்னு நெனச்சேன்" என்று ரத்த வாயோடு சிரித்தான். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகுதான் தடுப்பாணி வந்தது. கட்டைவிரல் கனத்தில் ஒரு எஃகு ஆணி. மேல் மூட்டில் கிருபைராஜ் வெல்டிங் வைத்த தகட்டின் துளைக்குள் போய் உட்காரும். அது இருக்கிறவரை, மோட்டார் எவ்வளவு முக்கினாலும் தலை தோளைத் தாண்டித் திரும்பாது. போதாததற்கு என் கையில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும். ஆகக்கூடி, என் மெஷினில் உட்காருகிறவன் அம்மா மடியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம்.

ஆவணியில் அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சுந்தர்ராமன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒருத்தர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். பிறகு மூன்று பேரும் இங்கிலீஷில் குசுகுசுவென்று பேசினார்கள். சுந்தர்ராமன் என் பக்கம் திரும்பினான். ப்ரீதாவும் அங்கேதான் இருந்தாள்.

"குமரா, என்னை அங்க வரச் சொல்றா. அவாளுக்கு ஆறு மட்டும் போதுமாம். இந்தக் கை, ஹெல்மெட் எல்லாம் இதைவிட ஒசத்தியா அங்கேயே இருக்காம்" என்றான். என் முகத்தில் என்ன பார்த்தானோ, முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "மொகத்தத் தொங்கப் போடாதவே. பல்லக்கு எங்க வேணும்னாலும் செய்துக்கலாம். உள்ள இருக்கற சாமிதானே முக்கியம்?"

"சும்மா இருங்கோ, அவர் மனசு என்ன பாடுபடும்" என்று ப்ரீதா அவன் கையைக் கிள்ளினாள்.

நானும் சிரித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களை வழியனுப்ப ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போனேன், அல்வா வாங்கிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பல்லக்கில் போனவர்கள் உண்டு, தூக்கினவர்கள் கிடையாது. அதையெல்லாம் பெரிதாக நினைக்கிறவன் இல்லை நான். ஞாபகம் வந்தது, எழுதினேன். எனக்குக் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படித்தவன், என் சிநேகிதன், இப்படி ஒரு தப்பான எண்ணத்தோடு கடல் தாண்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அவன் கேட்கிறவன் இல்லை, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

புரட்டாசி பிறந்ததும் நான் கறிக்கடைக்குப் போனேன். இதை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்கைக்கூட வாசல் தாண்ட விடமாட்டாள் என் மனைவி பிரம்மநாயகி. நான் பிறந்தது முதல் கறிக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பினவன் இல்லை. அதுவும் புரட்டாசியில். கடைக்கார பாய் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்களா? என்னமும் மருந்துக்கா?"

"ஆமா பாய். கழுத்து வேணும். தலையோட. எலும்பு நொறுங்காம இருக்கணும்."

"மருந்துக்குன்னா தோஷமில்ல அண்ணாச்சி" என்று எனக்கு ஆறுதல் சொல்லி, வாழையிலையில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்துக் கொடுத்தார்.

ஆட்டுத் தலையை ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பட்டையை இறுக்கினேன். கழுத்தின் மறுமுனையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். தடுப்பாணியை உருவிவிட்டு வெள்ளத்தை ஓடவிட்டேன். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை, சதை முறுக்கிக்கொண்டு நின்றது. பல்சக்கரத்தை மாற்றினேன். மறுபடியும் பாயிடம் போனேன். அவர் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று விசாரித்தார், அம்மாவுக்கு முழங்கால் என்று சொன்னேன். அந்தத் தடவை சத்தம் வந்தது. சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அந்தச் சத்தம்தான், கொஞ்சம் பெரிதாக.

பட்டறையைக் கழுவிவிட்டு நேரே குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கினேன். ஒரு முங்கு போதாது என்று பட்டது. மூச்சு முட்டுகிறவரை முங்கினேன். ஈரத்துணியோடு முருகன் முன்னால் நின்று, மாமிசத்தைத் தொட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனது லேசாகிவிட்டது.

சுந்தர்ராமன் விஜயதசமி அன்று காலையில் ஊரைவிட்டுக் கிளம்புவதாக நாள் பார்த்திருந்தான். கிளம்புவதற்கு முன்னால் மெஷினை ஒரு தடவை ஓட்டி, புதிதாகச் சேர்த்த அலையைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தான். நான் பேரிங் தேய்ந்துவிட்டது, ஒயர் கருகிவிட்டது என்று ஏதாவது சொல்லி நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவனுக்கு மிஞ்சியது ஆயுத பூஜை ஒன்றுதான்.

எங்கள் எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்பிவிடுவோம். பெரிய மெஷின்களுக்கு இருந்த இடத்திலேயே மாலை. பூசணிக்காய் உடைத்துவிட்டு மத்தியானத்துக்குள் கதவை அடைத்துவிடுவார்கள். மறுநாள் மறுபூஜை முடிகிறவரை எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. ஸ்குரூடிரைவர், சால்டரிங் அயர்ன், மீட்டர், சம்மட்டி எல்லாவற்றையும் வைத்தேன். தடுப்பாணியையும் உருவித் துடைத்து, நடுவில் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டு, இலையின் மத்தியில் வைத்தேன். அலுமினியக் கைக்கு ஒரு ரோஜா மாலை போட்டேன்.

சுந்தர்ராமனும் ப்ரீதாவும் வந்தார்கள். ப்ரீதா கொலுச் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். மெஷினை ஓட்டலாம் என்று அவன் சொன்னதும் நான் ப்ரீதா காதில் விழும்படியாகத்தான் சொன்னேன்.

"பூஜையில வச்சாச்சுவே. இன்னைக்குத் தொடக்கூடாது. அடுத்த தடவ ஊருக்கு வரும்போது பாத்துக்கிடலாம்."

"அடுத்த தடவ எப்போ வரப்போறேன்? சரஸ்வதி கோச்சுக்க மாட்டா. அவளும் என் கட்சிதான்" என்றான்.

இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றேன். ப்ரீதாவே எனக்காகப் பரிந்து பேசினாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் அவள், "என்னமோ பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டு, டவுனில் அத்தை வீட்டுக் கொலுவுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். உங்களிடம் அவள் கொடுத்த சாட்சியம் முழுக்க உண்மை. நான் தடுத்தேன், அவன்தான் கேட்கவில்லை.

சுந்தர்ராமன் சட்டையைக் கழற்றிவிட்டு இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். அவன் மூக்குக்கும் ஆணிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. எழுந்தவன், அந்த ஆணியின் மேல் இருந்த குங்குமத்தையே விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'இது என்னவே?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், பேசாமல் எடுத்து மாட்டியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் நியாயம் பார்க்கிறவன். எத்தனையோ தடவை அவன் கழுத்தைக் காப்பாற்றிய ஆணி அது. அவனுக்கு அதன் முகம் தெரியவில்லை. அவர்கள் வீட்டுப் பூஜையில் வைப்பது புத்தகம். என் இலையில் கிடந்தது எல்லாம் அவனுக்கு வெறும் இரும்பு. கைக்கு மாலை போட்டிருக்கிறது, சந்தனம் வைத்திருக்கிறது, அப்படியானால் மெஷின் முழுசாக இருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

நாற்காலியில் உட்கார்ந்தான். ஹெல்மெட்டை வைத்து மோவாய்ப் பட்டையை நான்தான் இறுக்கினேன். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன். "நன்னா இருக்கு" என்றான். அவன் பார்ப்பதையே நான் பார்க்க மேஜை மேல் ஒரு டிவி உண்டு. அதில் பாலம் வந்தது. அவன் இடது பக்கம் திரும்பினான், வயல் வந்தது. அண்ணாந்தான், மேகம் வந்தது. தலையும் படமும் ஒட்டிப் பிறந்த மாதிரி போயின. அன்றைக்குப் போல் அது என்றைக்கும் ஓடியதில்லை சார்.

"குமரா, நெஜம் மாதிரியே இருக்குவே" என்றான்.

அலை வந்தது. அவன் புதிதாகச் சேர்த்திருந்த அலை. மோட்டார் தலையை வலது பக்கம் வெட்டித் திருப்பியது. தோள்வரை போய் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை, மேலே போயிற்று. உடனே புரிந்துகொண்டான். கெட்டிக்காரன். இரண்டு கையாலும் அலுமினியக் கையைப் பிடித்துத் தொங்கினான். மாலை அறுந்து ரோஜா இதழ் கொட்டிற்று. "நிறுத்துவே, குமரா, நிறுத்துவே" என்று கத்தினான். பட்டைக்குள் மோவாய் மாட்டிக்கொண்டிருந்ததால் சத்தம் பல்லுக்கு நடுவில்தான் வந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு ஆறு ஞாபகத்தில் இல்லை. அவன் பிடித்துத் தொங்கியது என் கையைத்தான். ஹார்டுவேர் என்றால் என்ன என்று முதல் முறையாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

சிவப்புப் பொத்தான் என் உள்ளங்கையில்தான் இருந்தது. பொத்தானுக்கும் ஒயருக்கும் ஒரு பழுதும் இல்லை. நான் அழுத்தவில்லை.

வெண்டைக்காய்ச் சத்தம் கேட்டது. அவன் முகம் முதுகுப் பக்கம் போய்விட்டது. உடம்பு நாற்காலியைவிட்டு வழுக்கி, ஹெல்மெட்டில் தொங்கியது. குதிகால் இரண்டும் சிமெண்டுத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தன. அடித்த இடத்தில் தோல் உரிந்து ரத்தம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் வழிந்து பூணூல் சிவப்பாயிற்று. டிவியில் பார்த்தேன். தலை எப்படியெல்லாம் உதறியதோ அப்படியெல்லாம் ஆறும் உதறியது, பின்தங்கவே இல்லை. கடைசியில் படம் மேகத்தில் போய் நின்றது. நான் ஓட்டத்தை நிறுத்தவில்லை. கண் திறந்திருக்கிறதோ என்னவோ, அவன் கட்டிய வெள்ளம், வடிகிறவரை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என்னால் முடிந்த மரியாதை அது.

அப்புறம் செய்ததுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது. ஆணி இலையில் கிடந்தால் என்னைக் கேட்பீர்கள் என்று ஒரு பயம். அந்தப் பயம் வந்திருக்கக் கூடாது. ஆணியை எடுத்துத் துளைக்குள் மாட்டினேன். இலையிலிருந்து சம்மட்டியை எடுத்து, ஏணியில் நின்றுகொண்டு, தகட்டை அடித்து உடைத்தேன். லேசில் உடையவில்லை. அடித்து அடித்துத் தோள் கழன்றுவிட்டது, கை எரிந்தது. என் காலடியில் அவன் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் ஆடினான். கிருபைராஜின் வெல்டிங் அப்படி. நானாகத் தேடிப் பிடித்த ஆள் அவன், வேறு யாருடைய வெல்டிங்கையும் என் மெஷினில் விடமாட்டேன். மதுரை நிபுணர் அது தானாக விட்டுப்போயிற்று என்கிறார். அவர் வீட்டு ஜன்னல் கம்பிகூட அப்படி விடாது. மறுபூஜைக்கு முன்னால் சம்மட்டியைத் தொட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். திரும்ப இலையில் வைத்து, பூவைச் சரிசெய்துவிட்டு, தெருவுக்கு ஓடிப்போய்க் கத்தினேன்.

வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள், அத்தாட்சி உங்களிடமே இருக்கிறது. சீல் வைத்து எடுத்துப்போன சாமான்களில் அந்த ஆணி இருக்கிறது. அன்று ஊரில் சந்தனம் குங்குமம் இல்லாத இரும்பே கிடையாது. உங்கள் ஜீப்பின் நெற்றியில்கூட இருந்தது, வாழைக்கன்று வேறு கட்டியிருந்தீர்கள். அதனால் ஆணியில் சந்தனத்தைப் பார்த்த யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மெஷினோடு சேர்த்துப் பூஜை போட்டிருந்தால் ஆணியின் தலையில்தான் சந்தனம் இருக்க வேண்டும். இது ஆணியின் நடு உடம்பில் இருக்கும். துளைக்குள் மறைகிற இடம் அது. குங்குமத்தில் ஒரு விரல் வழித்த தடமும் இருக்கும். அது சுந்தர்ராமனுடையது. சம்மட்டி முகத்தில் இருந்த சந்தனம் உடைந்த தகட்டில் ஒட்டியிருக்கும். பாயைக் கூப்பிட்டுக் கேட்டால் மிச்சத்தையும் சொல்வார்.

பாயைக் கூப்பிடுவதாக இருந்தால் பிரம்மநாயகிக்குத் தெரியாமல் கூப்பிடுங்கள். நான் ஜெயிலுக்குப் போவதை அவள் தாங்கிக்கொள்வாள். புரட்டாசியில் கறிக்கடைக்குப் போனேன் என்று தெரிந்தால் மனது ஒடிந்துபோவாள்.

கிருபைராஜை வெளியே விடுவதும் விடாததும் உங்கள் பாடு. அவன் பிள்ளைகள் ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். சுந்தர்ராமன் மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவன் போன பிறகு கல்லூரி ஞாபகம் வந்து ஒரு தடவை அழக்கூடச் செய்தேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த மெஷின் நான் நினைத்ததை நினைத்த மாதிரி, ஒரு இம்மி பிசகாமல் செய்தது. அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு' என்று இருக்கிற இடத்தில் அதை அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.